கால் புண்ணைப் போனில் படமெடுத்து அனுப்பினால் போதுமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 64, நீண்ட நாள் சர்க்கரை நோயாளி. வலது கட்டைவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில் புண். மருத்துவமனை 40 கி.மீ. தள்ளி இருப்பதால் வாரம் ஒருமுறைதான் போகிறோம். இடையில் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்கிறார் டாக்டர். அதை நம்பலாமா? எப்படி எடுப்பது?

பதில்: நம்பலாம். வாட்ஸ்அப் வழியே ஆலோசனை தருவதை 2020 மார்ச்சில் வந்த இந்தியத் தொலைமருத்துவ வழிகாட்டுதல்களும் அனுமதிக்கின்றன. ஆனால் படம் சரியாக இருக்க வேண்டும்.

கட்டைப் பிரித்து, நார்மல் சலைனால் (கிருமி நீக்கிய உப்புநீர்) கழுவி, ஈரத்தை ஒற்றியெடுத்து, மருந்து போடுவதற்கு முன் எடுங்கள். களிம்போ மஞ்சளோ இருந்தால் புண்ணின் அடிப்பகுதி தெரியாது. எங்களுக்கு வேண்டியதே அதன் நிறம்தான்: சிவப்பு என்றால் சதை வளர்கிறது, மஞ்சள் என்றால் அழுகல் படலம், கறுப்பு என்றால் செத்த சதை. ஜன்னலோரப் பகல் வெளிச்சம் நல்லது. ஃப்ளாஷ் வேண்டாம், ஈரப் புண்ணில் பட்டு வெள்ளையடித்துவிடும். சுத்தமான ஸ்கேல் ஒன்றைப் புண்ணைத் தொடாமல் பக்கத்தில் வையுங்கள். முழுப் பாதம் தெரிய ஒன்று, சுமார் 30 செ.மீ. தூரத்தில் நேராக ஒன்று எடுங்கள். சாய்த்து எடுத்தால் புண் சுருங்கியதுபோலத் தெரிந்து ஏமாற்றும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் தெளிவு குறையாது. கூடவே தேதி, அன்றைய சர்க்கரை அளவு, காய்ச்சல் உண்டா என்பதையும் எழுதுங்கள். கட்டுப் போடுபவர் போனைத் தொடக்கூடாது. படமெடுக்க இன்னொருவர் இருக்கட்டும்.

படத்தில் வராதவையும் உண்டு. நாற்றம், சூடு, ஆழம், பாதத்தின் நாடித்துடிப்பு எதுவும் அதில் தெரியாது. “வலியே இல்லை டாக்டர்” என்பதும் ஆறுதல் இல்லை. நரம்பு மரத்த காலில் எலும்புவரை சீழ் போனாலும் வலிக்காமல் இருக்கலாம்.

சுற்றியுள்ள சிவப்பின் எல்லையைப் பேனாவால் கோடிட்டு வையுங்கள். சிவப்பு கோட்டைத் தாண்டினாலோ, புண் விளிம்பிலிருந்து 2 செ.மீ.க்கு மேல் பரவினாலோ, துர்நாற்றம், கறுப்பு, குளிர்நடுக்கம், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், இறங்காத சர்க்கரை என எது வந்தாலும் படம் அனுப்பிவிட்டு நீல டிக்குக்குக் காத்திருக்காதீர்கள். அன்றே கிளம்புங்கள், இரவானாலும்.

படம் நன்றாக இருக்கிறதே என்று வாராந்திரப் பயணத்தையும் தள்ளிப்போடாதீர்கள். விளிம்பில் தடிக்கும் தோலைச் சீவியெடுத்தால்தான் உள்ளங்கால் புண் மூடும். அதை நேரில்தான் செய்ய முடியும்.