சட்டம் கேளுங்கள்: மேல்முறையீடு மறுவிசாரணை அன்று

கேள்வி: இரண்டு வயது மகளைக் கொன்றதாக டெக்சாஸில் மரண தண்டனை பெற்ற ராபர்ட் ராபர்சனைப் பற்றிப் படித்தேன். குழந்தை நோயால் இறந்திருக்கலாம் என்று மருத்துவர்களே சொல்லும்போது, அவருடைய மேல்முறையீடுகள் இத்தனை ஆண்டுகள் தோற்றுக்கொண்டே வந்தது எப்படி?
– வாசகி, திருச்சி

பதில்: “இவர் கொன்றாரா?” என்ற கேள்வியை மேல்முறையீட்டு நீதிமன்றம் மீண்டும் எழுப்பும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். சாட்சியங்களைப் புதிதாக எடைபோடும் நம் உயர் நீதிமன்றங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது இயல்பே. அமெரிக்காவில் உண்மை எது என்பதை முடிவு செய்வது ஜூரியின், அதாவது பொதுமக்களிலிருந்து தேர்ந்த நடுவர் குழுவின், வேலை. மேல்முறையீட்டில், விசாரணையில் சட்டப் பிழை நேர்ந்ததா என்றும், சாட்சியங்களை அரசுத் தரப்புக்குச் சாதகமாக வைத்துப் பார்த்தால் பகுத்தறிவுள்ள ஒரு ஜூரி குற்றவாளி என்று முடிவு செய்திருக்க முடியுமா என்றும் மட்டுமே பெரும்பாலும் பார்ப்பார்கள். இந்த இரண்டாவது அளவுகோலை 1979இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வகுத்தது.

2002 ஜனவரி இறுதியில், டெக்சாஸின் பாலஸ்டைன் என்ற சிறு நகரின் மருத்துவமனைக்கு ராபர்சன் மயங்கிய மகளைத் தூக்கி வந்தார். மூளையைச் சுற்றி இரத்தக் கசிவு, மூளை வீக்கம், விழித்திரையில் இரத்தக் கசிவு ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் யாரோ குழந்தையைப் பலமாகக் குலுக்கியிருக்கிறார்கள் என்பதே அன்றைய மருத்துவப் பாடம். அதை மருத்துவர்கள் சாட்சிக் கூண்டில் சொன்ன பிறகு, 2003ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எந்த மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லும்? மருத்துவமனையில் அவர் கலங்காமல் நின்றதும் அவருக்கு எதிராகப் போயிற்று. உணர்ச்சிகளை மற்றவர்களைப் போல் வெளிக்காட்ட முடியாமல் செய்யக்கூடிய ஆட்டிசம் அவருக்கு இருப்பது 2018இல்தான் கண்டறியப்பட்டது.

அறிவியல் மாறிவிட்டது என்று சொல்ல வேறு கதவைத் தட்ட வேண்டும். தீர்ப்புக்கு அடிப்படையான அறிவியல் பின்னர் மாறியிருந்தால் தண்டனையை எதிர்த்து மனுச் செய்ய 2013இல் டெக்சாஸ் ஒரு சட்டம் இயற்றியது. அதைக் கொண்டு 2016இல் தண்டனை நிறைவேற்றம் தடுக்கப்பட்டாலும், மனு பின்னர் தள்ளுபடியானது. குழந்தைக்கு நிமோனியா இருந்தது, மூச்சை மட்டுப்படுத்தும் மருந்துகளும் கொடுக்கப்பட்டிருந்தன என்கிறார்கள் அவருடைய வழக்கறிஞர்கள்; குலுக்கல் மட்டுமல்ல, அடித்த காயங்களும் இருந்தன என்கிறது அரசுத் தரப்பு. வழக்கை விசாரித்து அவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன துப்பறிவாளர் பிரையன் வார்ட்டனோ, இன்று ராபர்சன் நிரபராதி என்கிறார்.

2024 அக்டோபரில், இதே வகைச் சாட்சியத்தால் தண்டிக்கப்பட்ட ஆண்ட்ரூ ரோர்க் என்பவருக்கு டெக்சாஸ் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுவிசாரணை வழங்கியது. ஆனால் அதற்கடுத்த வாரம் தண்டனை நிறைவேற்றப்படவிருந்த ராபர்சனின் உயிரைக் காத்தது அந்த நீதிமன்றம் அன்று. அவரைச் சாட்சி சொல்ல அழைத்துச் சட்டமன்றக் குழு ஒன்று அனுப்பிய அழைப்பாணை. விந்தையான வழிதான். ரோர்க் தீர்ப்பைக் காட்டி அந்த நீதிமன்றம் தடை விதித்து, வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பியது 2025 அக்டோபர் 9ஆம் தேதி. தண்டனை நிறைவேற்ற மறுமுறை குறித்திருந்த நாளுக்கு ஒரு வாரமே இருந்தது.

கேள்வி: நீதிபதிகளுக்கே சந்தேகம் இருந்தால் விடுவிக்கலாமே?
– வாசகர், மதுரை

பதில்: கலிஃபோர்னியாவில் ஏழு வாரப் பேரனைக் குலுக்கிக் கொன்றதாக 1997இல் தண்டிக்கப்பட்ட ஷெர்லி ஸ்மித்தின் வழக்கைப் பாருங்கள். கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006இல் தண்டனையை ரத்து செய்தது. அவரும் வெளியே வந்தார். 2011இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தண்டனையை மீட்டது. அவருடைய குற்றம் குறித்துச் சந்தேகம் எழுவது புரிந்துகொள்ளக்கூடியதே, ஆயினும் ஜூரியின் இடத்தில் அமர்வது தங்கள் வேலை அன்று, கருணை காட்டுவது வேறோர் அதிகாரத்தின் பொறுப்பு என்பதே பெரும்பான்மையின் கருத்து. எனக்கு இது உவப்பான தீர்ப்பன்று. ஆனால் வகுத்த விதிக்குள் நின்று எழுதிய தீர்ப்பு. அடுத்த ஆண்டு ஆளுநர் ஜெர்ரி பிரவுன் தண்டனைக் காலத்தைக் குறைத்ததால் அவர் மீண்டும் சிறைக்குப் போகவில்லை. குற்றத் தீர்ப்பு மட்டும் அப்படியே நின்றது.