ஆமை முதுகில் இறங்கியவள்

அன்புள்ள ஐயா,

வட அமெரிக்கப் பழங்குடிகளான இரோக்குவா மக்களின் படைப்புக் கதையைச் சுருக்கமாகப் படித்தேன். வானத்திலிருந்து ஒரு பெண் விழுகிறாள், ஆமை முதுகில் பூமி உண்டாகிறது, அப்புறம் நல்லவன் கெட்டவன் என்று இரட்டையர். ஏவாளின் வீழ்ச்சியும் கடவுள், சாத்தான் சண்டையும் மிஷனரிகள் வழியாக உள்ளே வந்துவிட்டனவோ?

ர.

அன்புள்ள ர.,

கதை மிஷனரிகளுக்கு முந்தையது. இரோக்குவாக்களின் மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த ஹ்யூரான் மக்களிடையே வாழ்ந்த ஜெசூட் பாதிரியார் ழான் டி பிரெபெஃப் 1636இல் எழுதிய அறிக்கையிலேயே அந்தப் பெண்ணும் ஆமையும் இரட்டையரும் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் சந்தேகத்தில் பாதி சரி. இரோக்குவாக்களில் ஒரு பிரிவான டஸ்கரோரா இனத்தவர் டேவிட் கியூசிக் 1820களில் அச்சிட்ட வடிவத்தில் இரட்டையரின் பெயரே நல்ல மனம், கெட்ட மனம். அங்கே கிறிஸ்தவத்தின் நிழல் விழுந்திருக்கிறது என்றுதான் நானும் நினைக்கிறேன்.

ஏவாளோடு மட்டும் சேர்க்காதீர்கள். வானுலகின் பெரிய மரம் வேரோடு சாய்ந்த குழி வழியாக அவள் கீழே வருகிறாள். கணவன் தள்ளிவிட்டான் என்பார்கள், எட்டிப் பார்த்தபோது தவறி விழுந்தாள் என்பார்கள், பிரெபெஃப் கேட்ட வடிவத்தில் அவளே குதிக்கிறாள். நான் படித்த எதிலும் அவளுடைய பிள்ளைகள் சுமக்கவேண்டிய சாபம் என்று ஒன்று இல்லை. கீழே வெறும் தண்ணீர். நீர்ப்பறவைகள் சிறகை விரித்து, வயிற்றில் பிள்ளையோடு வருகிறவளைத் தாங்கிக்கொள்கின்றன, ஆமை முதுகைக் கொடுக்கிறது, அவள் நிற்க மண் வேண்டுமே என்று நீர்நாயும் பீவரும் முங்கித் தோற்றபின் மஸ்க்ராட் என்கிற சின்ன நீரெலி மூச்சு முட்ட அடியாழம் போய் ஒரு பிடி சேறு கொண்டுவருகிறது. பல வடிவங்களில் அது செத்துத்தான் மிதக்கிறது. அந்தச் சேற்றைப் பரப்பி அவள் சுற்றிச் சுற்றி நடக்க நடக்க நிலம் விரிகிறது.

இப்படி ஒரு கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நிலத்தை நமக்கென்று படைத்துக் கொடுத்த சொத்தாக எப்படி நினைப்பார்கள்? இன்றும் அவர்கள் கூட்டம் தொடங்குமுன் மனிதர், பூமி, தண்ணீர், மீன், செடிகள், பறவைகள், காற்று, சூரியன் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி நன்றி சொல்கிறார்கள். அவசரமே இல்லாமல், நீளமாக.

வானப்பெண்ணின் மகள் இரட்டையரைப் பெறும்போது இறந்துபோகிறாள். புதைத்த இடத்தில் மக்காச்சோளமும் பீன்ஸும் பூசணியும் முளைக்கின்றன. ‘மூன்று சகோதரிகள்’ என்று மூன்றையும் ஒரே மண்மேட்டில் சேர்த்து நடுவார்கள். சோளத்தண்டில் பீன்ஸ் ஏறும், பூசணி இலை மண்ணை மூடும். விதைத்து அறுத்தது பெண்கள். குலமும் தாய்வழிதான். குலத்தாய்தான் தலைவனைத் தேர்ந்தெடுப்பாள், அவன் சரியில்லை என்றால் எச்சரித்துப் பார்த்துவிட்டு, பதவியின் அடையாளமான மான்கொம்பைக் கழற்றிவிடுவாள்.

சரி, இரட்டையர். மூத்தவன் போக ஒன்று வர ஒன்று என ஆற்றில் இரண்டு ஓட்டம் வைத்தானாம், துடுப்புப் போடுகிறவன் கஷ்டப்படக் கூடாதென்று. சிக்கிமுக்கிக் கல் என்று பெயர் கொண்ட இளையவன் அதைக் கலைத்து, ஆற்றை ஒரே பக்கமாக ஓடவிட்டுப் பாறைகளையும் போட்டான். கடைசியில் சண்டையில் இளையவன் தோற்கிறான். ஆனாலும் பல வடிவங்களில் அவன் அழிவதில்லை, இரவு அவன் பங்குக்கு வருகிறது. ஆறும் அவன் விட்டபடியேதான் ஓடுகிறது.