கோத்தகிரி ஏறும் காருக்கு எந்த டயர்?

காரமடையிலிருந்து ஓர் ஆசிரியை கேட்கிறார்: "வாரத்தில் மூன்று நாள் கோத்தகிரியில் உள்ள பள்ளிக்குக் காரில் போய் வருகிறேன். சின்ன பெட்ரோல் கார், 165 அகலம், 14 அங்குல ரிம். டயர் 42,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. டயர் கடையில் 'மைலேஜ் வேணும்னா இது, கிரிப் வேணும்னா அது, ரெண்டும் ஒண்ணா வராதுங்க' என்கிறார்கள். கனடாவில் இருக்கும் தம்பியோ, மலைக்குப் போகிறவள் விண்டர் டயர்தான் போட வேண்டும் என்கிறான். பெட்ரோலுக்கே சம்பளத்தில் பாதி போகிறது. ஆனால் மழையில் குஞ்சப்பனை இறக்கத்தில் பிரேக் மிதிக்கும்போது நெஞ்சு படபடக்கிறது. எதை வாங்குவது?"

தம்பி சொன்னதை முதலில் பார்த்துவிடலாம் டீச்சர், அது சீக்கிரம் முடிந்துவிடும்.

அவர் இருக்கும் ஊரில் அவர் சொல்வது சரி. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் இல்லாமல் கார் ஓட்டுவது சட்டப்படி குற்றம். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் விறைத்து, ரோட்டைப் பிடிக்காமல் வழுக்கத் தொடங்கும். விண்டர் டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் இளகியே இருக்கும். பட்டன் (ரோட்டைத் தொடும் மேல்பகுதி) முழுக்க பிளேடால் கீறியது போல நூற்றுக்கணக்கான மெல்லிய கீற்றுகள் இருக்கும்; அவை பனியைக் கவ்விக்கொள்ளும். பக்கச்சுவரில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனிச்செதிலும் பொறித்திருந்தால் அதுதான் சோதனையில் தேறிய விண்டர் டயர்.

அதே டயரைச் சித்திரை வெயிலில் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். இளகிய ரப்பர் தார் சூட்டில் இன்னும் குழைந்து, வளைவில் வண்டி நெளியும், பிரேக் தூரம் கூடும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும், பட்டனும் மளமளவென்று தேயும். நீலகிரியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுவது உண்மைதான். தலைகுந்தா, அவலாஞ்சி பக்கம் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். ஆனால் அது புல்லின் மேல் படிகிற பனி, வெயில் ஏறியதும் போய்விடும். நீங்கள் போகிற பாதையில் எதிரி வேறு: மழை, மூடுபனி, சில்வர் ஓக் சருகு, வளைவில் லாரி சிந்திய டீசல். ஆக, தம்பிக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

இனி கடைக்காரர் சொன்னது. முப்பது வருஷத்துக்கு முன்னால் என்றால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ரப்பரை அமுக்கினால் அமுங்கும், விட்டால் திரும்பும். ஆனால் வாங்கியதை முழுசாகத் திருப்பித் தராது, கொஞ்சத்தைச் சூடாக்கித் தின்றுவிடும். சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் ரோட்டைத் தொடுமிடத்தில் அமுங்கி எழுகிறது. அப்போது தின்பது உங்கள் பெட்ரோலை. பிரேக் போடும்போது ரோட்டுச் சல்லியின் நுண்ணிய மேடுபள்ளங்களில் ரப்பர் உரசி அதிர்கிறது. அப்போது தின்பது வண்டியின் வேகத்தை, அதைத்தான் நாம் கிரிப் என்கிறோம். ஒரே குணம் ஓரிடத்தில் செலவு, இன்னோரிடத்தில் காப்பு. அதனால்தான் ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும் என்ற பேச்சு வந்தது.

ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில் நடப்பவை அல்ல. சக்கரம் சுற்றுவதால் வரும் அமுக்கம் நொடிக்குப் பத்து, இருபது தடவை. சல்லியில் உரசும் அதிர்வு நொடிக்கு ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில். மெதுவான அமுக்கத்தில் குறைவாகவும், வேகமான அதிர்வில் நிறையவும் தின்கிற ரப்பர் கிடைத்தால் இரண்டும் கைகூடும் அல்லவா? வெறும் கார்பன் கரித்தூளுக்குப் பதிலாகப் பெருமளவு சிலிக்காப் பொடியை ரப்பரில் கலந்து அதைச் செய்தார்கள். மிஷெலின் நிறுவனம் 1992இல் அப்படிப்பட்ட டயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நல்ல நிறுவனங்கள் எல்லாவற்றிலும் சிலிக்கா கலந்த கார் டயர் உண்டு. எனவே "ரெண்டும் ஒண்ணா வராது" என்பது விலை குறைந்த டயருக்குத்தான் முழுசாகப் பொருந்தும். அங்கே மைலேஜ் எப்படி வருகிறது தெரியுமா? ரப்பரைக் கெட்டியாக்கி, பட்டனை ஆழம் குறைத்து வார்த்துவிடுகிறார்கள். காய்ந்த ரோட்டில் வித்தியாசமே தெரியாது. முதல் மழையில் தெரியும்.

அப்புறம் பெட்ரோல் கணக்கு. கார் தின்னும் பெட்ரோலில் சுமாராக ஐந்தில் ஒரு பங்கு டயர் உருளும் எதிர்ப்புக்குப் போகிறது. அந்த எதிர்ப்பைப் பத்து சதவீதம் குறைத்தால் மிச்சமாவது ஒன்று அல்லது இரண்டு சதவீதம்தான். உங்களுக்குப் பள்ளிப் பயணம், சொந்த வேலை எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 16 என்று வைத்துக்கொள்வோம். 940 லிட்டர் ஆகிறது. கிரிப் டயரைவிட இருபது சதவீதம் இலேசாக உருளும் டயர் போட்டால் அதிகபட்சம் 38 லிட்டர் மிச்சம். லிட்டர் 100 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 3,800.

அதுகூட சமதளக் கணக்கு. ஒரு டன் காரைச் சமதளத்தில் உருட்ட, டயர் எதிர்ப்பை வெல்ல 8 முதல் 10 கிலோ இழுவை போதும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டரில் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயர்கிறது. நூறடி போனால் நாலடி ஏற்றம். அந்த ஏற்றத்துக்கு மட்டும் சராசரியாக 40 கிலோவுக்கு மேல் இழுவை வேண்டும். மலையேறும்போது பெட்ரோலைத் தின்பது மலைதான், அதில் டயரின் பங்கு சுருங்கிப்போகிறது. இறங்கும்போது இரண்டாவது கியரில் விட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் இந்தக்கால இன்ஜினுக்குப் பெட்ரோல் செல்வதே நின்றுவிடும். அங்கே எந்த டயரும் எதையும் மிச்சம் பிடிக்க முடியாது. (நியூட்ரலில் இறங்கினால் மைலேஜ் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கப் பெட்ரோலும் போகும், பிரேக்கும் காய்ந்து பிடிக்காமல் போகும்.) ஆகவே உங்கள் பாதையில் மிச்சம் 20 லிட்டரைத் தாண்டினால் எனக்கு ஆச்சரியம்தான்.

மறுபக்கத்தையும் வையுங்கள். ஐரோப்பாவில் டயர் முத்திரையில் ஈர ரோட்டுப் பிடிப்புக்கு ஏ முதல் இ வரை தரம் போடுகிறார்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் முழு பிரேக் மிதித்தால் முதல் தரத்துக்கும் கடைசித் தரத்துக்கும் 18 மீட்டர் வரை வித்தியாசம் வரும் என்பது அந்த முத்திரையின் கணக்கு. நீங்கள் மலையில் 40இல் போகிறீர்கள். வேகம் பாதியானால் தூரம் கால்பங்கு. அப்படிப் பார்த்தாலும் நாலரை மீட்டர், ஒரு காரின் நீளம். வளைவு திரும்பியதும் நடுரோட்டில் காட்டெருமை நிற்கிற பாதைக்கு, வருஷத்துக்கு 20 லிட்டர் பெட்ரோலா, ஒரு கார் நீளமா என்பதுதான் கேள்வி.

அதனால் என் முடிவு: ஈர ரோட்டுப் பிடிப்பை முதலில் பாருங்கள். அது நன்றாக இருப்பவற்றுக்குள் இலேசாக உருளும் டயரைத் தேடுங்கள். அவிநாசி ரோட்டில் தினம் திருப்பூர் போய் வருகிறவர் கேட்டிருந்தால், பிடிப்பு ஓரளவு தேறினால் போதும், மைலேஜைப் பாருங்கள் என்றிருப்பேன்.

கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? எம்ஆர்எஃப், அப்போலோ, சியட், பிரிட்ஜ்ஸ்டோன் என்று எந்தப் பெயரானாலும் ஒவ்வொன்றிலும் இருவகையும் உண்டு. நிறுவனத்தின் பெயரைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். 'எகோ', 'எனர்ஜி', 'ஃப்யூல்' என்று மாடல் பெயரில் வந்தால் மைலேஜை முன்னிறுத்திச் செய்தது என்று பொருள். கெட்டது என்று பொருளில்லை. சில டயர்களில் பிஇஇ (மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பு) நட்சத்திர முத்திரை இருக்கும். ஃபிரிட்ஜில் பார்ப்போமே, அதே மாதிரி. அந்த நட்சத்திரம் எரிபொருள் சிக்கனத்துக்கு, பிடிப்புக்கு அல்ல. பக்கச்சுவரில் 'டிராக்‌ஷன்' என்று போட்டு ஏஏ, ஏ, பி, சி என்று ஒரு குறி சில டயர்களில் உண்டு. ஈர ரோட்டில் நேராகப் பிரேக் போட்ட சோதனை அது. ஏ அல்லது அதற்கு மேல் வாங்குங்கள். பக்கத்திலேயே 'டிரெட்வேர்' என்று ஓர் எண் இருக்கும், எண் கூடினால் உழைப்பு கூடும். அதை நிறுவனங்கள் தாங்களே போட்டுக்கொள்கின்றன, ஆகவே ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட்டு மயங்க வேண்டாம். பட்டனில் நீளவாக்கில் மூன்று நான்கு அகலமான வாய்க்கால்களும் ஓரத்தை நோக்கிப் பிரியும் கிளை வாய்க்கால்களும் இருக்கட்டும். நம்மூர்த் தோட்டத்தில் தண்ணீர் வடிகிற கணக்குதான், வாய்க்கால் ஆழமாக இருந்தால் தண்ணீர் ஓடும்.

டயர் செய்த வாரமும் வருஷமும் நான்கு இலக்கமாகப் பொறித்திருக்கும். 2225 என்றால் 2025ஆம் வருஷத்தின் 22ஆவது வாரம். ஒரு வருஷத்துக்கு மேல் கிடங்கில் கிடந்த டயர் என்றால் வேறு கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். "கொஞ்சம் அகலமா 185 போட்டுக்கோங்க" என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எடையும் எதிர்ப்பும் கூடும், தேங்கிய தண்ணீரில் அகல டயர் சீக்கிரம் மிதக்கும்.

நாலையும் ஒரே தடவையில் மாற்றுவது நல்லது. கையில் காசு இடிக்கிறது, இரண்டுதான் முடியும் என்றால் புதியதைப் பின் சக்கரத்தில் போடுங்கள். இதைச் சொன்னால் சங்ககிரியில் நான் தொழில் கற்ற பட்டறையில் சிரிப்பார்கள். லாரிக்கு ஸ்டியரிங் பக்கம்தான் புது டயர். ஆனால் காரில் முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், காலை எடுத்தால் பிடித்துக்கொள்ளும். ஈர இறக்க வளைவில் பின்சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும், அதைத் திருப்பிப் பிடிக்க நம்மில் பெரும்பாலோருக்குக் கை வராது.

காற்று விஷயம். நட்சத்திரத்தில் கிடைக்கும் மிச்சம் முழுவதையும் ஆறேழு பிஎஸ்ஐ காற்றுக் குறைவு தின்றுவிடும். தேங்கிய தண்ணீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகமும் காற்று குறையக் குறையக் கீழே வரும். ஆக மைலேஜுக்கும் பிடிப்புக்கும் செலவில்லாமல் ஒருசேர உதவுவது சரியான காற்றுதான். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுதான் அளவு. காலையில் வண்டி எடுக்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். மலைக்குப் போனால் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட வேண்டும் என்று சொல்வோர் உண்டு. கோத்தகிரி உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மீட்டரில் இரண்டு பிஎஸ்ஐ கூடும். கீழே 32 டிகிரி, மேலே 17 டிகிரி என்றால் குளிரால் அதே இரண்டு குறையும். கழித்தால் பூஜ்யம். கை வைக்காதீர்கள்.

இன்னொன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒரு மாதம் கழித்து மறுபடி எழுதுவீர்கள். புது டயர் போட்டதும் மைலேஜ் கொஞ்சம் இறங்கும். தேய்ந்த டயரில் அமுங்கி எழ ரப்பர் குறைவு, அதனால் எதிர்ப்பும் குறைவு. தேய்ந்த சக்கரம் சற்றே சின்னது, அதனால் மீட்டர் உள்ளதைவிட இரண்டு சதவீதம் வரை கூடுதலாகக் கிலோமீட்டர் காட்டிக்கொண்டிருந்தது. மைலேஜ் இறங்கியதில் பாதி, மீட்டர் இத்தனை நாள் சொன்ன பொய்.

எப்போது மாற்றுவது? சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம், வாய்க்காலுக்குள் இருக்கும் குறுக்கு மேடுதான் அந்த அளவு. மழைக்கால மலைப்பாதைக்கு என்றால் நான் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றச் சொல்வேன். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் வானம் கொட்டும். புரட்டாசி முடிவதற்குள் டயர் மாட்டி, அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் பார்த்துவிடுங்கள், அப்படியே ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்றும். புது ரப்பரின் மேல் வார்ப்பிலிருந்து வந்த வழவழப்பு இருக்கும், அது தேய 200 கிலோமீட்டராவது ஆகும். ஆகவே வெள்ளிக்கிழமை மாலை மாட்டிவிட்டுத் திங்கட்கிழமை நேராக மலைக்குக் கிளம்ப வேண்டாம். காலாண்டு விடுமுறையில் மாட்டிக்கொண்டு கோயம்புத்தூருக்கு நாலு நடை போய் வாருங்கள்.