சுட்டியா, எம்பெட்டா? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் தொலைக்காட்சியின் இணையதளச் செய்திகளில் வெளித்தளங்களுக்குச் சுட்டி (லிங்க்) தருகிறோம், யூடியூப் வீடியோ, எக்ஸ் பதிவுகளையும் எம்பெட் செய்கிறோம், அதாவது எங்கள் பக்கத்துக்குள்ளேயே தெரியும்படி பதிக்கிறோம். 'வெளித்தளங்களின் உள்ளடக்கத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று ஒரு வரி போட்டுவிட்டால் போதாதா?

பதில்: சுட்டிக்கு அந்த வரி ஓரளவு பொருந்தும், எம்பெட்டுக்குப் பொருந்தாது. சுட்டியைத் தட்டுகிறவர் நம் தளத்தைவிட்டு வெளியே போகிறோம் என்று தெரிந்தே போகிறார். எம்பெட்டோ நம் சின்னத்தின் கீழ், நாம் எழுதிய இரண்டு பத்திகளுக்கு நடுவே ஓடுகிறது. பார்ப்பவருக்கு அது நம் நிலையம் காட்டும் காட்சிதான். ஆகவே ஒளிபரப்புக்கு முன் எதையெல்லாம் சரிபார்ப்போமோ அதையெல்லாம் இங்கும் சரிபார்க்க வேண்டும். எடுத்தவர் யார், பதிவேற்றியவரும் அவரேதானா, எப்போது எடுத்தது, குழந்தையின் முகமோ பாதிக்கப்பட்டவரின் அடையாளமோ தெரிகிறதா என்று பாருங்கள். வீடியோவைக் கடைசி நொடிவரை, ஒலியோடு பாருங்கள். முகவரியில் தொடக்க நொடியைக் குறித்து, வேண்டிய இடத்திலிருந்து ஓடவிடலாம் என்பது உண்மை. ஆனால் வாசகர் பின்னால் நகர்த்தினால் மிச்சமும் தெரியும். அதனால் முழு வீடியோவும் தேற வேண்டும்.

கேள்வி: வெளியிட்ட அன்று சரியாக இருந்த எம்பெட் பிறகு எப்படிக் கெடும்?

பதில்: நம் பக்கத்தில் இருப்பது வீடியோ அல்ல, ஒரு முகவரி மட்டுமே. வேறொரு தளத்தை நம் பக்கத்துக்குள் காட்டும் நிரல்துண்டான ஐஃப்ரேம், நம் சுவரில் வைத்த சன்னல். அதற்கு அப்பால் என்ன தெரிய வேண்டும் என்பது அந்த முகவரியை வைத்திருப்பவர் கையில் இருக்கிறது. விட்மீ என்ற வீடியோ தளம் 2017 டிசம்பரில் மூடப்பட்டது. அதன் முகவரி பின்னர் ஓர் ஆபாசத் தளத்திடம் போனது. 2021 ஜூலையில் வாஷிங்டன் போஸ்ட், ஹஃப்போஸ்ட் போன்ற தளங்களின் பழைய செய்திகளுக்குள் ஆபாச வீடியோக்கள் தெரிந்தன. அந்தச் செய்திகளில் யாரும் கைவைக்கவே இல்லை.

சுட்டிகளைச் சோதிக்கும் சாதாரண மென்பொருள் இதைப் பிடிக்காது. இல்லாத பக்கம் 404 என்று பதில் தரும். கைமாறிய முகவரி 200, அதாவது 'எல்லாம் சரி' என்றே சொல்லும். எனவே வேறு முகவரிக்குத் திருப்பிவிடப்படுகிற சுட்டிகளையும், பக்கத் தலைப்பு மாறிப்போனவற்றையும் தனியாகப் பிரித்து ஓர் ஆள் திறந்து பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், செய்தியாளர் ஐஃப்ரேம் நிரலை நேரடியாக ஒட்டும் பழக்கத்தை நிறுத்துவது. அவர் முகவரியை மட்டும் கொடுக்கட்டும். அனுமதிப் பட்டியலில் உள்ள தளமாக இருந்தால் மட்டும் மென்பொருள் எம்பெட்டை உருவாக்கட்டும். ஒரு தளம் மூடப்போவதாக அறிவித்த அன்றே பட்டியலிலிருந்து அதன் பெயரை எடுத்தால், பல ஆண்டுப் பழைய பக்கங்களிலும் சன்னல் ஒரேயடியாக அடைபடும். நிரல் ஆயிரம் செய்திகளில் சிதறிக் கிடந்தால் ஒவ்வொன்றாகத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி: சமூக ஊடகப் பதிவை எம்பெட் செய்வதா, ஸ்கிரீன்ஷாட் போடுவதா?

பதில்: எழுதியவர் அழித்தால் பெரும்பாலும் எம்பெட்டும் போய்விடும். சாதாரண மனிதரின் பதிவென்றால் அப்படிப் போவதே நியாயம். அவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது இன்னும் நல்லது. அமைச்சரோ அரசுத் துறையோ வெளியிட்டதாக இருந்தால், தேதி, நேரத்துடன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஆவணத்தில் வையுங்கள். எப்படியானாலும் பதிவின் முக்கிய வரியைச் செய்திக்குள் மேற்கோளாகத் தாருங்கள். எம்பெட் காணாமல் போனாலும் செய்தி நிற்க வேண்டும்.

கேள்வி: வாசகர் எதையும் தட்டாதபோதே எம்பெட் அவரைக் கண்காணிக்குமா?

பதில்: பக்கம் திறந்தவுடன் அவருடைய ஐபி முகவரி (இணையத்தில் அவரது இணைப்பைக் காட்டும் எண்) எம்பெட்டைத் தரும் நிறுவனத்துக்குப் போய்விடும். ஃபேஸ்புக் 'லைக்' பொத்தானை வைத்திருந்த ஃபேஷன் ஐடி என்ற துணி விற்பனைத் தளத்தின் வழக்கில், தரவைச் சேகரித்து அனுப்பும் கட்டத்துக்கு அந்தத் தளமும் கூட்டுப் பொறுப்பாளி என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. முதலில் நம் சர்வரிலுள்ள படத்தை மட்டும் காட்டி, வாசகர் தட்டிய பிறகு எம்பெட்டை ஏற்றுவது பாதுகாப்பானது. பக்கமும் வேகமாகத் திறக்கும்.

கேள்வி: 'இங்கே கிளிக் செய்க' என்று சுட்டி தரலாமா?

பதில்: வேண்டாம். திரைவாசிப்பான் (பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) பயன்படுத்துபவர் பல நேரம் சுட்டிகளை மட்டும் வரிசையாகக் கேட்பார். 'இங்கே, இங்கே' என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது. 'தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் பட்டியல்' என்று போகுமிடத்தை எழுதுங்கள். முகப்புப் பக்கத்துக்கு அல்ல, அந்தப் பட்டியல் இருக்கும் பக்கத்துக்கே சுட்டி தாருங்கள்.