பாரிசவாதம்: முதலில் சி.ரி. ஸ்கானா, எம்.ஆர்.ஐ. ஸ்கானா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: காலையில் எழும்பியபோது அப்பாவுக்கு வலது கை வழங்கவில்லை. வைத்தியசாலையில் சி.ரி. ஸ்கான் எடுத்து, அதில் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். மறுநாள் எம்.ஆர்.ஐ. ஸ்கானில்தான் பாரிசவாதம் உறுதியானது. முதலிலேயே அதை எடுத்திருக்கக் கூடாதா?

சி.ரி. ஸ்கானை முதலில் எடுத்தது சரியே. இரத்தக்குழாய் அடைபட்டதா, வெடித்து இரத்தம் கசிந்ததா என்பதை வைத்தியர் உடனே அறிந்தாக வேண்டும். குழாயை அடைக்கும் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து முதல் 4.5 மணித்தியாலத்துக்குள் அடைப்புக்கு உதவும், கசிவுள்ளவருக்கோ உயிராபத்தாகும். புதிய கசிவு சி.ரி. படத்தில் வெள்ளையாகத் தெரியும். ஸ்கானும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் அடைப்பினால் பாதிக்கப்பட்ட பகுதி முதல் சில மணித்தியாலங்களில் அதில் பெரும்பாலும் இயல்பாகவே தோன்றும். ஆகவே ‘ஒன்றும் தெரியவில்லை’ என்பதற்குக் கசிவு இல்லை என்பதே பொருள். பாரிசவாதம் இல்லை என்பதல்ல. இதை வைத்தியசாலையில் உறவினருக்கு விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும்.

இருந்தாலும் உங்கள் கேள்வியில் நியாயம் உண்டு; உங்கள் அப்பாவுக்கு நோய் உறக்கத்தில் வந்திருக்கிறது, தொடங்கிய நேரம் எவருக்கும் தெரியாது. எம்.ஆர்.ஐ. ஸ்கானின் டிஃபியூஷன் படத்தில், இரத்தம் கிடைக்காமல் வீங்கிய கலங்களில் நீரின் அசைவு தடைப்படுவதால், அந்த இடம் சில நிமிடங்களிலேயே பளிச்சிடும். ஃபிளேர் என்னும் மற்றொரு படத்தில் அதே இடம் மாறுவதற்குச் சில மணித்தியாலங்கள் செல்லும். முதலாவதில் தெரிந்து இரண்டாவதில் தெரியாவிட்டால், பாதிப்பு அண்மையில் வந்ததாகக் கொள்ளலாம். அப்படித் தெரிவுசெய்யப்பட்டவர்களுக்குக் கரைப்பு மருந்து பயன் தருவதை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. அன்று காலையிலேயே எம்.ஆர்.ஐ. வசதி கைக்கெட்டியிருந்தால், அது சிகிச்சை முடிவை மாற்றியிருக்கக்கூடும். ஆயினும் மூளைத்தண்டில் வரும் சிறு பாதிப்புகள் தொடக்கத்தில் டிஃபியூஷன் படத்திலும் தவறிப்போவதுண்டு.

பெரிய இரத்தக்குழாய் அடைபட்டிருப்பதாகச் சந்தேகம் எழுந்தால், கையில் சாயமருந்து ஏற்றி எடுக்கும் சி.ரி. அஞ்சியோகிராம்தான் முக்கியம். கட்டியைக் குழாய்வழியாக அகற்றும் சிகிச்சைக்கு, தெரிவுசெய்யப்பட்ட நோயாளருக்கு 24 மணித்தியாலம் வரையும் இடமுண்டு.

இனி எவருக்காவது முகம் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, 1990 அம்புலன்சை அழையுங்கள், எம்.ஆர்.ஐ. உள்ள இடத்தைத் தேடி நீங்களாகவே அலையாதீர்கள். ஸ்கானுக்கு முன்னர் வீட்டில் அஸ்பிரின் கொடுக்க வேண்டாம். நோயாளர் கடைசியாக நல்ல நிலையில் காணப்பட்ட நேரம், இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மருந்துகள், நெஞ்சில் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டிருக்கிறதா என்பவற்றை அவசர சிகிச்சைப் பிரிவில் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.