இசை கேள்வி – பதில்: 1977-இன் அமெரிக்கத் தட்டுகள்

கேள்வி: நீண்ட பாடல்களும் மாறும் தாளங்களும் கொண்ட ராக் வகையான புரோகிரசிவ் ராக் என்றாலே யெஸ், ஜெனசிஸ், பிங்க் ஃப்ளாய்ட் என்று இங்கிலாந்துக் குழுக்களோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஓர் ஆண்டை மட்டும், உதாரணமாக 1977-ஐ எடுத்துக்கொண்டு, அதில் வெளியான அமெரிக்க ஆல்பங்களில் உங்களுக்குப் பிடித்தவற்றை வரிசைப்படுத்திச் சொல்வீர்களா?
– வாசகர், அடையாறு

பதில்: நல்ல ஆண்டாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். இங்கிலாந்தில் பங்க் இசை கிளம்பி, நீண்ட பாடல்களையும் அடுக்கடுக்கான கீபோர்டுகளையும் எள்ளி நகையாடிய ஆண்டு அது. அதே ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த கான்சஸ், ஸ்டிக்ஸ் ஆகிய குழுக்களின் ஆல்பங்களோ அமெரிக்க விற்பனைப் பட்டியலான பில்போர்டின் முதல் பத்து இடங்களுக்குள் நுழைந்தன. அந்த ஆண்டின் நல்ல அமெரிக்கத் தட்டுகளில் எனக்குப் பிடித்தது அவற்றின் சிக்கனம். ஆங்கிலேயர்கள் கால் மணி நேரம் விரித்துச் சொன்னதை இவர்கள் ஐந்தாறு நிமிடங்களுக்குள் மடித்து வைத்தார்கள்; மடிப்புக்குள் எதுவும் கசங்கவில்லை.

என் வரிசையில் முதலிடம், வர்ஜீனியா மாநிலத்தின் ஹாரிசன்பர்க் நகரில் உருவான 'ஹேப்பி த மேன்' குழு தன் பெயரிலேயே வெளியிட்ட முதல் ஆல்பத்துக்கு. அரிஸ்டா நிறுவனம் வெளியிட்ட இதைத் தயாரித்தவர், பீட்டில்ஸுக்கும் டேவிட் பவிக்கும் ஒலிப்பதிவு செய்த கென் ஸ்காட். பெரும்பகுதி பாட்டில்லாத வாத்திய இசைதான். கிட் வாட்கின்ஸ், ஃபிராங்க் வயாட் என்று இருவர் கீபோர்டு வாசிக்கிறார்கள். வயாட் சாக்ஸபோனும் புல்லாங்குழலும் சேர்த்து ஊதுகிறார். ஸ்டான்லி விட்டேக்கர் கிடார். இத்தனை பேர் இருந்தும் ஒருவர் குரலை இன்னொருவர் அமுக்குவதில்லை என்பதுதான் இந்தத் தட்டின் பெரிய சாதனை. வாட்கின்ஸ் மினிமூக் என்னும் சிந்தசைசரில் (மின்னணுக் கீபோர்டில்) ஸ்வரத்தை வளைத்து இழுக்கும் இடங்களைக் கேளுங்கள். கமகத்துக்குப் பழகிய காதுக்கு அவை உடனே பிடித்துப்போகும். தொடக்கத்தில் வரும் 'ஸ்டார்போர்ன்' அவசரமே இல்லாமல் விரிய, அடுத்ததாக வரும், வாயில் நுழையாத நீளத் தலைப்புக் கொண்ட உருப்படி தடதடவென்று ஓடுகிறது. தலைப்புகளில் இவர்களுக்கு இருந்த குறும்புத்தனம் இசையில் கொஞ்சமும் அலட்சியமாக மாறவில்லை.

இரண்டாமிடம் கான்சஸ் குழுவின் 'பாயிண்ட் ஆஃப் நோ ரிட்டர்ன்'. வரலாற்று முக்கியத்துவத்தை வைத்து வரிசைப்படுத்தச் சொல்லியிருந்தால் இதற்கே முதலிடம் தந்திருப்பேன். முந்தைய ஆண்டின் 'லெஃப்ட்ஓவர்ச்சர்' பெற்ற வெற்றிக்குப் பிறகு இன்னும் நீளமாக எழுதும் துணிச்சல் அவர்களுக்கு வந்திருக்கலாம். அவர்களோ எதிர்த்திசையில் போனார்கள். பத்து உருப்படிகளில் மிக நீளமான 'ஹோப்லெஸ்லி ஹியூமன்' ஏழு நிமிடத்தைச் சற்றே தாண்டுகிறது. 'த ஸ்பைடர்' என்னும் வாத்திய உருப்படி ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. யெஸ் குழு அதே ஆண்டில் வெளியிட்ட 'அவேக்கன்' பாடல் மட்டுமே 15 நிமிடத்துக்கு மேல் என்பதை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். 'போர்ட்ரெயிட்' ஐன்ஸ்டைனைப் பற்றியது. 'க்ளாசெட் கிரானிக்கிள்ஸ்', தன்னைத் தானே அறைக்குள் பூட்டிக்கொண்டு வாழ்ந்து 1976-இல் இறந்த கோடீசுவரர் ஹவர்ட் ஹியூஸைப் பற்றியது. ஆறரை நிமிடத்தில் ஒரு மனிதரின் உச்சத்தையும் தனிமையையும் சொல்லி, நடுவில் முழு வாத்தியப் பகுதி ஒன்றையும் வைத்திருக்கும் அந்தப் பாடல்தான் இந்த ஆல்பத்தின் மகுடம் என்பது என் கட்சி. ஊரெல்லாம் அறிந்த 'டஸ்ட் இன் த விண்ட்' இதே தட்டில்தான் இருக்கிறது. குழுவின் கிடார் கலைஞர் கெர்ரி லிவ்கிரென் விரல் பழக்கத்துக்காக வாசித்துக்கொண்டிருந்த கிடார் பயிற்சியைக் கேட்டு, அதைப் பாடலாக்கலாமே என்று அவருடைய மனைவி சொன்னதால் பிறந்தது அது. 1978-இல் அமெரிக்கப் பட்டியலில் 6-ஆம் இடம் வரை ஏறியது. எல்லாம் தூசிதான் என்னும் அதன் கருத்து, சித்தர் பாடல்களைக் கேட்டு வளர்ந்த நமக்குப் புதிதாக இராது.

மூன்றாவது, டிக்ஸி டிரெக்ஸ் குழுவின் 'ஃப்ரீ ஃபால்'. மயாமி பல்கலைக்கழகத்தில் இசை படித்தவர்கள் சேர்ந்து அமைத்த இந்தக் குழுவின் தட்டை, ஆல்மன் பிரதர்ஸ் என்னும் ராக் குழுவைத் தந்த ஜார்ஜியாவின் கேப்ரிகார்ன் நிறுவனம் வெளியிட்டது. பதினொரு உருப்படிகள், ஒன்றிலும் பாட்டு கிடையாது. தென் மாநிலங்களின் நாட்டுப்புற நடையும் ஜாஸும் செவ்வியல் இசையும் ஒரே உருப்படிக்குள் தோள் உரசிப் போகும் விதம் இங்கிலாந்துக் குழு எதற்கும் கைவராதது.

நான்காவதாக, தயக்கத்தோடு, டாட் ரண்ட்கிரென் தலைமையிலான யூடோப்பியா குழுவின் 'ரா'. இதன் இறுதியில் வரும் கண்ணாடிக் கிடார் தேவதைக் கதை 18 நிமிடம் நீள்கிறது. நால்வருக்கும் ஆளுக்கொரு தனி ஆவர்த்தனம் வாய்க்கவேண்டும் என்பதற்காகவே கதை நடக்கிறதோ என்று தோன்றும். ஆயினும் முதல் பக்கம், குறிப்பாக 'கம்யூனியன் வித் த சன்', தட்டை வாங்கிய காசுக்குப் போதுமானது. மேடையில் பிரமிடும் ஸ்ஃபிங்க்ஸும் வைத்துச் சுற்றுப்பயணம் போனவர்கள், அதே ஆண்டில் அடுத்த ஆல்பத்தைச் சின்னச் சின்னப் பாப் பாடல்களாக வெளியிட்டார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்டார்காசில் குழுவை உங்கள் வரிசையில் சேர்ப்பீர்களா, அல்லது யெஸ் குழுவின் நகல் என்று ஒதுக்கிவிடுவீர்களா?
– வாசகர், அண்ணா நகர்

பதில்: ஒதுக்கமாட்டேன், வரிசையிலும் சேர்க்கமாட்டேன். இல்லினாயிலிருந்து வந்த இவர்கள் 1977-இல் 'ஃபவுண்டன்ஸ் ஆஃப் லைட்', 'சிட்டடல்' என்று இரண்டு ஆல்பங்களை வெளியிட்டார்கள். இரண்டையும் தயாரித்தவர் குவீன் குழுவின் தயாரிப்பாளராகப் புகழ்பெற்ற ராய் தாமஸ் பேக்கர். கேரி ஸ்ட்ரேட்டரின் பேஸ் கிடார் மிகச் சிறப்பானது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் டெர்ரி லட்ரெல் பாடுகிறாரா, யெஸ் குழுவின் ஜான் ஆண்டர்சன் பாடுகிறாரா என்று குழப்பம் வருகிறது. குருவின் பாணியை அச்சு அசலாகப் பாடும் சீடரை சபாவில் கேட்கும்போது, அவர் இன்னும் எதைத் தன்னுடையதாகச் சேர்க்கப்போகிறார் என்று காத்திருப்போம் அல்லவா? ஸ்டார்காசில் விஷயத்தில் அந்தக் காத்திருப்பு வீணாகிவிட்டது.

கேள்வி: ஸ்டிக்ஸ் குழுவின் 'த கிராண்ட் இல்யூஷன்' புரோகிரசிவ் ராக் தானா? என் நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள், நான் மறுக்கிறேன்.
– வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: பாதி உங்கள் பக்கம், பாதி அவர்கள் பக்கம். 1977 ஜூலை 7 அன்று வெளியான இந்த ஆல்பத்தில் 'காசில் வால்ஸ்' போன்றவை இந்த வகைக்குள் தாராளமாக அடங்கும். பட்டியலில் 8-ஆம் இடம் பிடித்த 'கம் செயில் அவே', மென்மையான பியானோவில் தொடங்கி, முழு ராக்காகப் பொங்கி, நடுவில் சிந்தசைசர் பகுதி ஒன்றில் மிதந்து திரும்புகிறது. ஏறத்தாழ ஆறு நிமிடத்தில் இத்தனை கட்டங்கள் என்பது இந்த இசையிலிருந்து கற்ற பாடமே. மற்றவை நல்ல பாடல்கள், அவ்வளவுதான்.

கேள்வி: நான் கர்நாடக வயலின் பயிலும் மாணவி. ராக் குழுவில் வயலின் வெறும் அலங்காரமாகத்தானே இருக்கும்?
– வாசகி, பெரம்பூர்

பதில்: பல குழுக்களில் அப்படித்தான். கான்சஸ், டிக்ஸி டிரெக்ஸ் இரண்டிலும் அப்படியல்ல. கான்சஸின் ராபி ஸ்டைன்ஹார்ட் அக்காலத்தில் நிரந்தர உறுப்பினர், பாடகரும்கூட. நம் கச்சேரியில் வயலின் பாடகரை நிழலாகத் தொடர்ந்து, தனக்கு விடப்படும் இடத்தில் பதில் சொல்லும். கான்சஸில் அது கிடாருக்கும் ஆர்கனுக்கும் சமமாக நின்று, முறை வைத்து முன்னணிக்கு வருகிறது. டிக்ஸி டிரெக்ஸில் ஆலன் ஸ்லோனின் வயலினும் ஸ்டீவ் மோர்ஸின் மின்கிடாரும் மிக வேகமான வரிகளை ஒரே நேரத்தில் ஒன்றாக வாசிக்கின்றன. வில்லின் தழுவலும் கம்பியின் வெட்டும் கலந்து, தனித்தனியே இரண்டாலும் தர முடியாத ஒரு மூன்றாம் நாதம் எழுகிறது. கமகத்தை இங்கே தேடாதீர்கள், ஏமாற்றமே மிஞ்சும். வில் அழுத்தத்தைக் கவனித்தால் உங்கள் சாதகத்துக்கே பயன் உண்டு.

கேள்வி: 1977-இல் சக்தி குழுவின் 'நேச்சுரல் எலிமெண்ட்ஸ்' வெளிவந்ததே! எல். சங்கரும் விக்கு விநாயகராமும் நம்மவர்கள் ஆயிற்றே, அதை எப்படி விட்டீர்கள்?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: அபிமானம் புரிகிறது. ஆனால் சக்தியைத் தொடங்கிய ஜான் மக்லாக்லின் ஆங்கிலேயர்; அந்த இசையில் ராக்கும் இல்லை, டிரம் செட்டும் இல்லை. உங்கள் ஆறுதலுக்கு ஒன்று: சென்னைக்காரரான சங்கர் 1978-இல் அமெரிக்க ராக் இசைஞர் ஃபிராங்க் ஜப்பாவின் மேடையில் வயலின் வாசித்தார், மறு ஆண்டு சங்கரின் ஆல்பத்தை ஜப்பாவே தயாரித்தார். அந்த ஆண்டுகளைப் பற்றிக் கேளுங்கள், தாராளமாக எழுதுகிறேன்.

கேள்வி: இந்த இசையில் தாளம் போட முயன்றால் கை தடுமாறுகிறது. எங்கிருந்து தொடங்குவது?
– கல்லூரி மாணவர், தாம்பரம்

பதில்: ஐந்தும் ஏழும் நமக்குப் புதியவை அல்ல, கண்ட சாபுவும் மிச்ர சாபுவும் கேட்டே வளர்ந்திருக்கிறோம். தடுமாற்றத்துக்குக் காரணம் வேறு. நம் கிருதியில் எடுத்த தாளம் இறுதிவரை மாறாது. சிக்கல்கள் அதன் மேல் கட்டப்படும். இங்கே தாளமே பாதி வழியில் மாறிவிடும், நான்கு ஆவர்த்தனம் ஏழில் போய்விட்டு ஒரே ஒரு சுற்று ஆறில் வந்து திரும்பும். ஆகையால் முதல் சில தடவை கையை மடியில் வைத்துக்கொண்டு டிரம்மரின் ஸ்நேர் (படபடவென்று ஒலிக்கும் சிறு டிரம்) அடி விழும் இடங்களை மட்டும் கேளுங்கள். கான்சஸிலிருந்து தொடங்கி, அடுத்து 'ஃப்ரீ ஃபால்', அதன்பின் ஹேப்பி த மேன் என்று போவது உசிதம். கடைசியாகச் சொன்ன குழு 1978-இல் 'கிராஃப்டி ஹேண்ட்ஸ்' என்ற இரண்டாவது ஆல்பத்தையும் வெளியிட்டது; அதுவும் கென் ஸ்காட்டின் தயாரிப்பே. பிறகு குழு கலைந்து, வாட்கின்ஸ் இங்கிலாந்தின் கேமல் குழுவில் சேர்ந்தார். இரண்டு தட்டுகளையும் ஒரே மாலையில் கேட்க வேண்டாம். முதலாவதற்கு ஒரு வாரம் கொடுங்கள்.