பல்லக்கைத் திறந்துவிட்ட போஸ்டர்

ஐயா, வணக்கம்.

சுங்கைப்பட்டாணி பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். இப்போது பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். சின்ன வயதில் அப்பா இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ‘பொன்னியின் செல்வன்’ வாசித்துக் காட்டுவார். கல்கி இதழிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த பிரதி. பாதி செல்லரித்து இன்னும் என்னிடம் இருக்கிறது.

போன மாதம் மகளோடு உட்கார்ந்து படத்தின் இரண்டு பாகத்தையும் மறுபடி பார்த்தேன். மனம் ஆறவில்லை. மணிமேகலை இல்லை. சேந்தன் அமுதனின் கதையே இல்லை. நாயகன் வந்தியத்தேவனுக்குத் தொடரின் ஓவியர் மணியம் வரைந்த கொண்டை இல்லை. முடிவும் வேறு. பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன், மகள் கோபித்துக்கொண்டாள். மூடுபல்லக்கு வந்ததும், திரை விலகுவதற்கு முன்பே, “உள்ள ஐஸ்வர்யா ராய்மா” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏன் என்று தெரியவில்லை.

அவளுக்கு வயது 13, படிவம் ஒன்று. “கதைதான் தெரியுமே, எதுக்குப் படிக்கணும்?” என்கிறாள். சுருக்கப்பதிப்போ ஆங்கில மொழிபெயர்ப்போ வாங்கிக் கொடுக்கலாமா? எதில் தொடங்குவது?

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் திட்டிவிடுகிறேன், பிறகு மற்றது. படம் ஓடும்போது பிள்ளையின் காதில் “நாவல்ல இப்படி இல்ல” என்று ஓதுவது பெரிய அநியாயம். நீங்கள் அப்பாவின் குரலில் கேட்டது உங்களுடையது. அவள் பார்த்துக்கொண்டிருந்தது அவளுடையது. இரண்டையும் ஒரே இரவில் கலந்து இரண்டையும் கெடுத்தீர்கள்.

உங்கள் குறைகளில் பாதிக்கு நான் சேர மாட்டேன். கொண்டையை விடுங்கள். சேந்தன் அமுதனைச் சுருக்கியதும் மணிமேகலையை எடுத்ததும் கணக்குப்படி சரிதான். நாவலின் ஐந்து பாகங்களில் 57, 53, 46, 46, 91 என மொத்தம் 293 அத்தியாயங்கள். படத்தின் இரண்டு பாகமும் சேர்ந்து ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். வகுத்துப் பாருங்கள், ஓர் அத்தியாயத்துக்கு 68 நொடி கிடைக்கும். உங்கள் அப்பா ஓர் அத்தியாயத்தை வாய்விட்டு வாசிக்கக் குறைந்தது கால் மணி நேரம் எடுத்திருப்பார். மணிமேகலையை உள்ளே விட்டால் அவள் அண்ணன் கந்தமாறனின் பொறாமை, யாழ், கடைசி அத்தியாயம் என்று அரை மணி நேரம் கூடவே வரும். சேந்தன் அமுதனின் பிறப்பு ரகசியத்தை விட்டால் இன்னொரு அரை மணி. அதை யார் தலையில் கட்டுவது?

முடிவு பற்றி ஒரு வார்த்தை. 1950-இல் தொடங்கி மூன்றரை ஆண்டு ஓடிய தொடர் முடிந்தபோது நாவலின் முடிவே போதவில்லை என்று வாசகர்கள் கல்கியிடம் முறையிட்டார்கள். அவர் தனியாக ஒரு முடிவுரை எழுதி, பிறகு யார் யாருக்கு என்ன ஆயிற்று என்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே உங்கள் ஏமாற்றத்துக்குப் பூர்விகம் உண்டு. மணிரத்னத்தின் மீது மட்டும் போடாதீர்கள்.

ஆனால் அந்தப் பல்லக்கு. அழுகை ஏன் வந்தது என்று தெரியவில்லை என்கிறீர்கள். எனக்குத் தெரிகிறது என்று நினைக்கிறேன். கொஞ்ச நாளாக நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் பாகத்தை எடுத்து அந்தப் பல்லக்கை மட்டும் பின்தொடருங்கள். ஆடிப் பதினெட்டன்று வீரநாராயண ஏரிக்கரையில் பழுவேட்டரையரின் பரிவாரத்தோடு அது முதலில் வருகிறது. திரை கொஞ்சம் விலகி, மூடிக்கொள்கிறது. அன்றிரவு கடம்பூர் மாளிகை. பழுவேட்டரையர் இளையராணியோடு வந்திருக்கிறார் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அந்தப்புரத்துக்கோ எந்த ராணியும் வரவில்லை என்கிறான் கந்தமாறன். நள்ளிரவில் வந்தியத்தேவன் தற்செயலாக ஒரு ரகசியக் கூட்டத்தைப் பார்க்கிறான். எட்டாம் அத்தியாயம். அதற்குக் கல்கி வைத்த தலைப்பே ‘பல்லக்கில் யார்?’ பல்லக்கைக் கொண்டுவந்து வைக்கிறார்கள், திரை விலகுகிறது, உள்ளிருந்து இளவரசன் மதுராந்தகன் இறங்குகிறான்.

அந்த இடத்தில் நமக்கு ஒரு விடை கிடைத்துவிடுகிறது. ஓகோ, இளையராணி என்பது சும்மா, மூடுபல்லக்கில் போவது மதுராந்தகன். வந்தியத்தேவனும் அப்படித்தான் முடிவு கட்டுகிறான். நாம் அவனைவிடப் புத்திசாலி இல்லை, அவனைவிட மடையனும் இல்லை. அவன் அளவுக்கே தெரிந்தவர்களாக அவன் குதிரையின் பின்னால் உட்கார்ந்து போகிறோம்.

இனி 21-ஆம் அத்தியாயம், ‘திரை சலசலத்தது!’ தஞ்சைக்குப் போகும் வழியில் அதே பல்லக்கு. உள்ளே இளவரசர்தான் இருக்கிறார், பேச்சுக் கொடுத்துப் பார்க்கலாம் என்று இவன் குதிரையைக் கொண்டுபோய் முட்டவிட்டு, பல்லக்குதான் தன் குதிரையை இடித்தது என்று நியாயம் வேறு கேட்கிறான். திரை விலகுகிறது. பெண். பழுவேட்டரையரின் இளையராணி நந்தினி.

எட்டிலிருந்து இருபத்தொன்று வரை பதின்மூன்று அத்தியாயம். நடுவில் குடந்தை சோதிடர், குந்தவை, அரிசிலாற்றங்கரை என்று கதை எங்கெங்கோ சுற்றுகிறது. நம் மனத்தில் அந்தத் தப்பான விடை ஊறிக்கொண்டே கிடக்கிறது. தொடராகப் படித்தவர்களுக்கு அது பல வாரம். உங்களுக்கு, அப்பா ஒரு நாளைக்கு ஒன்று வாசித்திருந்தால், இரண்டு வாரம். பள்ளிக்கூடத்தில் கணக்குப் போடும்போதும் பல்லக்கில் மதுராந்தகன் போய்க்கொண்டிருந்தான். அதனால்தான் திரை விலகியதும் தூக்கிவாரிப் போட்டது. நாம் நம்பியதை நம் கையாலேயே உடைக்க வைத்த வேலை அது.

படத்திலும் பல்லக்கு வருகிறது. அழகாகவே வருகிறது. ஆனால் உள்ளே யார் என்று தெரியாத ஒருவர் அந்த அரங்கில் இருந்திருக்க முடியாது. படம் வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தனியாக போஸ்டர் வந்துவிட்டது. முகமும் தெரியும், பெயரும் தெரியும், யார் நடிக்கிறார் என்றும் தெரியும். போஸ்டர் ஒட்டிய நாளிலேயே பல்லக்கின் திரையைக் கிழித்தாகிவிட்டது. இயக்குநர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. அவ்வளவு பெரிய செலவுக்குப் பெரிய நட்சத்திரம் வேண்டும். முகத்தை மறைத்து வைக்க நட்சத்திரத்துக்கு யாரும் பணம் கொடுப்பதில்லை.

ஊமை ராணிக்கும் இதே கதிதான். நந்தினியின் ஜாடையில் இன்னொருத்தி இருக்கிறாள் என்பதை நாவலில் யாரும் நமக்குக் காட்டுவதில்லை, சொல்கிறார்கள். ஒருத்தர் ஒரு விதமாக, இன்னொருத்தர் வேறு விதமாக. ஒருவர் சாயலை மட்டும் கண்டு பயப்படுகிறார். எழுத்தில் இரண்டு முகம் பக்கத்துப் பக்கத்தில் நிற்காது, ஆகவே இரண்டு மூன்று பாகத்துக்கு நாம் தடவிக்கொண்டே போகலாம். படத்தில் முதல் பாகம் முடியும்போது கடலுக்குள் ஒரு முகம், நரைத்த தலையோடு அதே நடிகை. இரண்டு நொடியில் கதை தெரிந்துவிடுகிறது. கேமராவால் சாயலைக் காட்ட முடியாது. முகத்தைத்தான் காட்ட முடியும்.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். நாவலில் வந்தியத்தேவன் இரண்டு ஓலையைக் கொண்டுபோய்ச் சேர்க்கப் புறப்பட்டவன், அவ்வளவுதான். சிநேகிதன் வீடு என்று கடம்பூரில் தங்குகிறான். தூக்கம் கலைகிறது. மதில் மேல் ஆழ்வார்க்கடியானின் தலை தெரிகிறது, எழுந்து போய்ப் பார்க்கிறான். பெரியவர்கள் கூடிப் பேசுவதைப் பிள்ளைகள் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்பதைப் போல அரைகுறையாகக் கேட்டு, அரைகுறையாகப் புரிந்துகொள்கிறான். பத்து வயதுப் பிள்ளைக்கு அவனைப் பிடிக்காமல் எப்படி இருக்கும்? படத்தில் இளவரசன் கரிகாலனே சதியைத் தெரிந்துகொண்டு வா என்று அனுப்பிவைக்கிறான். அனுப்பப்பட்ட ஒற்றன் ஒட்டுக்கேட்டால் அது உத்தியோகம். அந்தச் சின்ன மாற்றத்தில் ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கும், ஒத்துக்கொள்கிறேன். போனது, தெரியாமல் போய் மாட்டிக்கொள்ளும் சுகம்.

உங்கள் கேள்வியை மறந்தேவிட்டேன். சுருக்கப்பதிப்பு வேண்டவே வேண்டாம். சுருக்குகிறவர் முதலில் எதை வெட்டுவார்? எட்டுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவில் இருப்பதைத்தான். அவசியமில்லாத வழிநடைப் பேச்சு என்று அவருக்குத் தோன்றும். பிறகு “நேயர்களே” என்று கல்கி நம்மைக் கூப்பிட்டுப் பேசும் இடங்களை எடுப்பார். இரண்டும் போனால் மிஞ்சுவது உங்கள் மகளுக்கு ஏற்கெனவே தெரிந்த கதை.

மொழிபெயர்ப்பும் இப்போது வேண்டாம். ஒரே ஓர் இடத்தைச் சொல்கிறேன். தஞ்சை அரண்மனையில் சக்கரவர்த்தியிடம் வந்தியத்தேவன் “அபாயம்! அபாயம்!” என்று பதறிச் சொல்லிவிடுகிறான். சின்னப் பழுவேட்டரையர் பிடித்துக்கொண்டதும், “அபயம் என்றல்லவா சொன்னேன்” என்று சாதிக்கிறான். ஒரே ஒரு துணைக்காலில் உயிர் தப்புகிறான். ஆங்கிலத்தில் அபாயம் ‘டேஞ்சர்’, அபயம் ‘ரெஃப்யூஜ்’. எந்தக் காலை எடுத்தாலும் ஒன்று இன்னொன்றாகாது. தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய சிரிப்பு அது, பறிக்காதீர்கள்.

அவளிடம் புத்தகத்தைக் கொடுத்துப் படி என்று சொல்லாதீர்கள். நீங்கள் வாசியுங்கள். வாரத்துக்கு ஐந்து அத்தியாயம் என்றால் 59 வாரத்தில் முடியும். மலைப்பாக இருந்தால் முதல் பாகத்தின் 57 அத்தியாயத்தை மட்டும் பேசிக்கொள்ளுங்கள், அது மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடும். தொடர்கதை என்பதால் முன்வாரம் நடந்ததைக் கல்கி அங்கங்கே திரும்பச் சொல்வார். நேற்றுதான் வாசித்தோம் என்றால் அந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம், குற்றமில்லை. ஆனால் அத்தியாய முடிவைத் தாண்டி ஒரு வரிகூட வாசிக்கக் கூடாது, அவள் கெஞ்சினாலும். “அபாயம்” வரும்போது நெடிலை நன்றாக இழுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கம் கழித்து வரும் “அபயம்” காதில் விழாது.

பிள்ளைகள் வழக்கமாக நின்றுபோகும் இடம் சோழ வம்சாவளி. யாருக்குப் பிறகு யார், ஏன் மதுராந்தகன் உரிமை கேட்கிறான் என்று குழம்பி விட்டுவிடுவார்கள். ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டிவிடுங்கள். மேலே முதலாம் பராந்தகர். கீழே மூன்று பிள்ளைகள்: தக்கோலப் போரில் இறந்த இராஜாதித்தர், கண்டராதித்தர், அரிஞ்சயர். கண்டராதித்தரின் பிள்ளை மதுராந்தகன். அரிஞ்சயரின் பிள்ளை சுந்தர சோழர், அவருக்கு ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழி. கண்டராதித்தருக்குப் பிறகு பட்டம் தம்பி வழிக்குப் போனதுதான் மொத்தச் சண்டையும். படம் பார்த்தவள் என்பதால் முகங்கள் தெரியும், பெயரை எங்கே எழுதுவது என்று அவளே சொல்வாள். படத்தின் உபயோகம் அங்கேதான்.

நாகப்பட்டினத்தில் இருந்த பௌத்த மடமான சூடாமணி விஹாரத்துக்குக் கதை வரும்போது அவளைக் காரில் ஏற்றுங்கள். இராஜராஜன் 1006 வாக்கில் ஆனைமங்கலம் என்ற ஊரையே அந்த விஹாரத்துக்கு விட்டுக்கொடுத்ததை லெய்டன் செப்பேடு சொல்கிறது. கட்டத் தொடங்கியவர் சூளாமணிவர்மன், முடித்தவர் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன், கடாரத்தை, அதாவது உங்கள் கெடாவை ஆண்டவர்கள். செப்பேட்டின் ஆண்டு கதை நடக்கும் காலத்துக்கு முப்பது ஆண்டுக்கு மேல் பிந்தியது. கல்கியும் வளைத்திருக்கிறார் என்பதை அவளிடம் மறைக்காதீர்கள். நீங்கள் வளர்ந்த சுங்கைப்பட்டாணியிலிருந்து மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் அரை மணி நேரம். புக்கிட் பத்து பஹாட் சண்டியின், அதாவது பழங்காலக் கோயிலின், கல் அடித்தளம் அங்கேயே இருக்கிறது, சுற்றி வரலாம். கடாரம் எங்கோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கடாரத்தில் உட்கார்ந்தே கதை கேட்டிருக்கிறீர்கள்!

கல்கியின் எழுத்து நாட்டுடைமை, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். ஆகவே கடையில் பத்து விதமாகக் கிடைக்கும். விலையைப் பார்ப்பதற்கு முன் ஐந்தாம் பாகத்தைத் திருப்புங்கள். 91-ஆம் அத்தியாயமும் அதற்குப் பின் முடிவுரையும் இருக்கிறதா, எழுத்து ஒரு கை தூரத்தில் படிக்கும் அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். மணியம் படங்கள் இருந்தால் நல்லது. உங்கள் கொண்டையும் கிடைத்துவிடும்.

அப்பாவின் பிரதியில் வாசிக்காதீர்கள். அந்தக் காலத்துச் செய்தித்தாள் வகைத் தாள், மடித்த இடத்தில் பொடியும். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டவே கூடாது, பசை மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கிவிடும். துருப்பிடித்த ஸ்டேப்ளர் கம்பி இருந்தால் பிடுங்காமல், அதன் கால்களை நிமிர்த்தி மெல்ல எடுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் பூஞ்சை பிடிக்கும், அட்டைப்பெட்டி போதும், சுவரை ஒட்டாமல் வையுங்கள். ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். முதுகை அழுத்தி விரிக்காமல், ஜன்னல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகக் கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். முதலில் எட்டாம் அத்தியாயத்தையும் இருபத்தொன்றையும்.